கரண்டி நீரும் கைக்குழந்தையும்

கொழும்பு மாநகரின் வடபாலிற் கொட்டாஞ்சேனை. தென்பால் எல்லையில் வெள்ளவத்தை. முன்னது துறைமுகத்தை அடுத்தது. புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம் உயர்ந்து நிற்க, அதனைச் சூழக் கோவில்களும் கடைகளும் குறுகிய ஒழுங்கைகளும் நெருங்கிக் கிடக்கும். ஒரு முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள் வாழும் ‘தோட்டம்’ என்னும் குடியிருப்புகளும் அங்கு உண்டு; பல வீட்டாருக்கும் பொதுவான குழாயடிகளும் உண்டு. பின்னது காலி வீதியின் இருமருங்கும் பரந்தது. பழைய வளவுகள் இருந்த இடங்களிலே தொடர்மாடிகள் எழுந்துவிட்டன. வீட்டுக்கு வீடு தனிக் குழாய்; கூரையின்மேல் தண்ணீர்த் தாங்கி; சமையலறையில் வடிகட்டி. ஈரிடத்தும் தமிழ்க் குடும்பங்கள் பெருந்தொகையாக வாழ்கின்றன. வாடகையிலும் வசதியிலும் அவை ஒன்றல்ல என்பதை நேயர்கள் அறிவர்.

ஆயினும், இவ்விரண்டிடத்தையும் வேறுபடுத்திப் பாராத நோயொன்று உண்டு. தொடர்மாடியின் ஐந்தாம் மாடியிலே தொட்டிலிற் கிடக்கும் குழந்தையையும், தோட்டத்து வீட்டிற் பாயிற் கிடக்கும் குழந்தையையும் அது ஒரே விதமாகத் தேடி வருகின்றது. அதுவே வைரசுகளால் உண்டாகும் வயிற்றோட்டம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளையே அது பெரும்பாலும் வாட்டுகின்றது.

அது வரும் விதத்தை முதலிற் கூற வேண்டும். எட்டு மாதக் குழந்தையொன்று மாலைவரை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும். இரவு பால் குடித்ததும் வாந்தி எடுக்கும். ‘பால் கூடிவிட்டது’ என்று தாய் எண்ணுவாள். மறுபடியும் வாந்தி. உடம்பு கொஞ்சம் சுடும். நள்ளிரவு அளவில் வயிற்றோட்டம் தொடங்கும்; மலம் தண்ணீராகப் போகும்; விடியுமுன் ஆறு ஏழு தடவை போய்விடும். இந்த நோயில் வாந்தி முந்துவதும் ஓட்டம் பிந்துவதும் பெருவழக்கு. வீட்டார் முதலில் ஏமாறுவதும் இதனாலேயே.

இவ்வேளையில் வெள்ளவத்தை வீடொன்றிலே நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இவ்வாறிருக்கும். “பல்லு வருகுது பிள்ளை, அதுதான் வயித்தாலை போகுது. பாலை நிப்பாட்டு, வயிறு ஆறட்டும்” என்பார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் அம்மம்மா. “தண்ணியும் குடுக்கக் கூடாதோ அம்மா?” என்று தாய் கேட்பாள். “குடுக்கக் குடுக்கச் சத்திதானே எடுக்குது” என்று விடை வரும். கொட்டாஞ்சேனையிலே அயல்வீட்டு அக்கா நாவூறு என்பார். நூல் கட்டச் சொல்வார். அன்பில்லாமற் கூறுகின்ற சொற்கள் அல்ல இவை. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளைக் காத்துவந்தவர்களின் சொற்கள். எனினும் பாலையும் தண்ணீரையும் நிறுத்துக என்னும் அந்த ஓர் அறிவுரை மட்டும் எத்தனையோ குழந்தைகளின் உயிருக்கு உலை வைத்திருக்கின்றது.

பல் முளைத்தலின்மீது இந்தப் பழி ஏன் விழுந்தது என்பதும் சுவையான செய்தியே. தாயின் கருப்பையிலிருந்து பெற்றுவந்த நோயெதிர்ப்பு ஆற்றல் குழந்தைக்கு ஆறாம் மாதமளவில் குறைந்துவிடுகின்றது. அதே காலத்திலேதான் பல் அரும்புகின்றது. அதே காலத்திலேதான் குழந்தை தவழ்ந்து சென்று, கண்டதையெல்லாம் எடுத்து வாயில் வைக்கின்றது. மூன்றும் ஒருங்கே நிகழ்வதால், கண்ணுக்குத் தெரிந்த பல்லின்மேற் குற்றம் சுமத்தப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத கிருமி தப்பிக்கொண்டது.

அக்கிருமி மருத்துவர் கண்ணுக்கும் நெடுங்காலம் தப்பியே இருந்தது. 1970ஆம் ஆண்டுவரையும், வயிற்றோட்டத்தோடு வைத்தியசாலைக்கு வந்த குழந்தைகளின் மலத்தைச் சோதித்த மருத்துவர்கள் பற்றீரியாக்களைத் தேடினார்கள். கொலரா, வயிற்றுளைவு முதலியவற்றின் கிருமிகள் சிலரிடம் அகப்பட்டன. பெரும்பாலான குழந்தைகளிடம் ஒன்றும் அகப்படவில்லை. ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதிவைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

1973ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலியாவின் மெல்போண் நகரிலுள்ள அரச சிறுவர் வைத்தியசாலையில் றூத் பிஷப் என்னும் அம்மையாரும் அவருடன் பணியாற்றியோரும், நோயுற்ற குழந்தைகளின் சிறுகுடல் உள்தோலிலிருந்து நுண்ணிய துணுக்கை எடுத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியினால் நோக்கினர். குடலின் உயிரணுக்களுக்குள்ளே வைரசுத் துகள்கள் நிறைந்திருக்கக் கண்டனர். வட்டமான அச்சு, அதிலிருந்து ஆரக்கால்கள், சுற்றிலும் விளிம்பு என வண்டிச் சக்கரம் போன்று அவை தோன்றின. இலத்தீன் மொழியிற் சக்கரத்துக்கு ‘றோட்டா’ என்று பெயர். ஆகவே றோட்டா வைரசு என்னும் பெயர் நிலைத்துவிட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் உலகின் பல பாகங்களிலும் மருத்துவர்கள் தேடினார்கள். தேடிய இடமெல்லாம் அதனைக் கண்டார்கள். இத்தனை காலமும் எல்லோர் வீட்டிலும் புகுந்து சென்ற ஒன்று, பார்க்கத் தக்க கருவி கிடைத்ததும் எல்லோர் வீட்டிலும் அகப்பட்டது.

இவ்வைரசு குழந்தையின் குடலிலே என்ன செய்கின்றது? சிறுகுடலின் உட்பக்கம் வெல்வெற்றுத் துணியைப் போன்றது. அதிலே கணக்கற்ற நுண்விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. உணவின் சத்தையும் நீரையும் உறிஞ்சிக்கொள்வன அவ்விரல்களின் நுனியிலுள்ள உயிரணுக்களே. றோட்டா வைரசு சரியாக அந்த நுனிகளிலே புகுந்து, அங்கே பெருகி, அவற்றை அழித்துவிடுகின்றது. உறிஞ்சுவார் இல்லாமையால் நீர் குடலிலே தங்குகின்றது. அதுவன்றி, வைரசு உண்டாக்கும் புரதமொன்று குடலைத் தூண்டி உடம்பிலுள்ள நீரையும் உப்பையும் வெளியேறச் செய்கின்றது. மதகும் உடைந்து, மேலும் நீர் இறைக்கப்படும் வயலின் கதிதான் அது. ஆனால் உடைந்த மதகைக் குடல் தானே கட்டிக்கொள்ளும். நுனியணுக்கள் சில நாட்களிற் புதிதாக முளைத்துவிடும். மூன்று நாளிலிருந்து எட்டு நாளுக்குள் நோய் தானாகவே நீங்கிவிடும். அந்தச் சில நாட்கள்வரை குழந்தையின் உடம்பில் நீர் இருக்க வேண்டும். பிரச்சினை அவ்வளவே, அது சிறிய பிரச்சினையும் அன்று.

வைரசைக் கொல்லும் மருந்து வேண்டும் என்று பெற்றோர் விரும்புவது இயல்பு. இவ்வயிற்றோட்டத்துக்கு அத்தகைய மருந்து வழக்கில் இல்லை. பற்றீரியாக்களைக் கொல்லும் அன்ரிபயோட்டிக்கு மருந்துகள் வைரசை ஒன்றும் செய்யா. குடலிலுள்ள நல்ல பற்றீரியாக்களையே அவை அழிக்கும். பெரியோர் உட்கொள்ளும் ‘ஓட்டத்தைக் கட்டும்’ குளிசைகளோ குழந்தைகளுக்குத் தீங்கானவை. குடலின் இயக்கத்தை அவை நிறுத்திவிடும். மருந்துக் கடையிற் போய், “பிள்ளைக்கு வயித்தோட்டத்துக்கு ஏதாவது குளிசை தாங்கோ” என்று கேட்பதிலும், கடைக்காரர் எதையேனும் எடுத்துக் கொடுப்பதிலும் இழக்கப்படுவது பணம் மட்டுமன்று, நேரமும் ஆகும். மலத்திலே இரத்தமும் சீதமும் கலந்து போனால் அது வயிற்றுளைவு. அது வேறு நோய். அதற்கு மருத்துவர் வேறு மருந்து தருவார். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறோம், பின் எப்படி வந்தது என்று வெள்ளவத்தைத் தாய் கேட்பாள். நியாயமான கேள்வி. லபுகம, களட்டுவாவை நீர்த்தேக்கங்களிலிருந்தும் அம்பத்தலையிற் களனி கங்கையிலிருந்தும் பெறப்பட்டுச் சுத்திகரிக்கப்படும் நீரைக் கொழும்பு மாநகரம் குடிக்கின்றது. கொலரா, நெருப்புக் காய்ச்சல் ஆகியவை அருகியதற்கு இத்தகைய குழாய் நீர் பெருங்காரணம். றோட்டா வைரசோ தண்ணீரை மாத்திரம் நம்பியிருப்பதன்று. நோயுற்ற குழந்தையின் ஒரு கிராம் மலத்திலே ஆயிரங்கோடிக்குக் குறையாத வைரசுத் துகள்கள் இருத்தல் கூடும். மற்றொரு குழந்தைக்கு நோய் உண்டாக அவற்றுள் நூறுகூட வேண்டியதில்லை. அணையாடை மாற்றிய கையிலும், கழற்றி வைத்த பாம்பர்சிலும், விளையாட்டுப் பொருளிலும், கதவின் கைபிடியிலும் அது ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த பொருள்மீது நாட்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். செல்வ நாடுகளின் குழந்தைகளும் இந்நோய்க்குத் தப்பவில்லை. ஐந்து வயது நிரம்புமுன் உலகிலுள்ள ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறையேனும் இவ்வைரசு தொற்றிவிடுகின்றது.

இதனாற் கை கழுவுதல் வீண் என்று எவரும் கருதிவிடக் கூடாது. அணையாடை மாற்றிய பின்பும் உணவு ஊட்டுமுன்பும் சவர்க்காரமிட்டுக் கழுவிய கை, வீட்டிலுள்ள அடுத்த குழந்தையைக் காக்கும். தாய்ப்பால் மாத்திரமே குடிக்கும் குழந்தைக்கு வயிற்றோட்டம் குறைவாகவே வரும்; பாற்போத்தலும் சூப்பியும் ஒழிந்தால் பல கிருமிகளுக்கு வழி அடைபடும். நீரைக் காய்ச்சிக் குடிப்பதும் மற்றைய நோய்களுக்கு வேலியாகவே இருக்கும். ஆனால் இவற்றையெல்லாம் செய்த தாயின் குழந்தைக்கும் நோய் வரும். வந்தபோது அவளைக் குறைகூறுதல் அறியாமை. இரவு முழுவதும் விழித்திருக்கும் ஒரு பெண்ணிடம், “நீ என்ன குடுத்தாய்?” என்று வீட்டார் மாறிமாறி விசாரணை நடத்துவது நம் வீடுகளிற் சாதாரணமான கொடுமையாகும்.

வைரசைப் பற்றிய அறிவிலே தமிழ்நாட்டின் ஒரு நகரத்துக்குச் சிறப்பான இடம் உண்டு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ககன்தீப் காங் என்னும் பெண் மருத்துவ அறிஞரும் குழுவினரும், அந்நகரின் ஏழை மக்கள் வாழும் பகுதிகளிற் பிறந்த 452 குழந்தைகளைப் பிறப்பு முதல் மூன்று வயதுவரை தொடர்ந்து கண்காணித்தனர். கள உதவியாளர்கள் வீடுவீடாகச் சென்று குழந்தைகளின் நலத்தைக் கேட்டு எழுதினார்கள். நோய் இல்லாத காலத்திலும் மலமாதிரிகளைத் திரட்டினார்கள். பொறுமையான வேலை அது. நுணுக்குக்காட்டியைவிட நடந்த கால்களே அதிகம் உழைத்த ஆராய்ச்சி. அதன் முடிவுகள் 2011ஆம் ஆண்டில் வெளியாயின. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளை ஆறு மாதம் நிறையுமுன்பே வைரசு தொற்றிவிட்டிருந்தது. மெக்சிக்கோ நாட்டில் முன்னர் நடந்த ஆராய்ச்சியிலே இரண்டு முறை தொற்றிய குழந்தைக்குக் கடும் நோய் பின்னர் வரவில்லை. வேலூரிலோ மூன்று முறை தொற்றிய பின்பும் ஓரளவு கடுமையான நோய்க்கு எதிரான காப்பு ஏறக்குறைய 79 விழுக்காடே. நெருக்கமான குடியிருப்பிலே வளரும் குழந்தையை வைரசு மறுபடி மறுபடி சோதிக்கின்றது என்பதே இதன் பொருள். கொட்டாஞ்சேனைத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். நோய் இருவரையும் தேடி வரும் என்று முன்னர்க் கூறப்பட்டது. ஆனால் அது எத்தனை முறை வரும் என்பதிலே ஏழைக்கும் வசதியுள்ளவனுக்கும் வேறுபாடு உண்டு.

இனி, குழந்தை பிழைக்கும் வழியைக் கூறவேண்டும். அதன் வரலாறு ஓர் அகதி முகாமிலே நிகழ்ந்தது. 1971ஆம் ஆண்டிலே வங்காளதேச விடுதலைப் போரின்போது ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து இந்தியாவுக்குள் வந்தனர். மேற்கு வங்காளத்தின் பொங்கான் என்னும் எல்லைப்புற ஊரிலே கொலரா பரவியது. நோயாளர் தரையெல்லாம் கிடந்தனர். நரம்பில் ஏற்றும் சேலைன் போத்தல்கள் தீர்ந்துகொண்டிருந்தன. ஏற்றுவதற்குப் பயிற்சி பெற்றோரும் போதவில்லை. திலீப் மகாலனாபிஸ் என்னும் மருத்துவர் ஒரு துணிவான முடிவு செய்தார். ஒரு லீற்றர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்னும் கணக்கிற் பெரிய கொள்கலங்களிலே கரைத்து, அதனை நோயாளியின் உறவினர் கையிற் கொடுத்து, வாய்வழியே ஊட்டச் செய்தார். தாயும் தமக்கையும் பாட்டியும் அங்கே தாதியராயினர். முன்பு நூற்றுக்கு 30 பேரளவில் இறந்துகொண்டிருந்த அவ்விடத்திலே இறப்பு நூற்றுக்கு 4 பேரிலும் குறைந்தது. 2022ஆம் ஆண்டில் அவர் காலமானார். மறுவருடம் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை வழங்கியது. உயிரோடிருந்தபோதே வழங்கியிருக்கலாம் என்று நினைப்பவர் பலர்.

உப்பும் நீரும் மாத்திரம் போதாவோ, சீனிச்சத்து எதற்கு என்று கேட்கலாம். குடலின் சுவரிலே உப்பிலுள்ள சோடியத்துக்கும் குளுக்கோசுக்கும் கூட்டான வாயிலொன்று உண்டு. இரண்டும் ஒருங்கே வந்தால் அவ்வாயில் திறக்கும், அவை உட்செல்லும், அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்லும். வயிற்றோட்டத்தின்போதும் இந்த வாயில் பெரும்பாலும் பழுதின்றி இருக்கின்றது. வெறும் நீரைக் கொடுத்தால் அது அப்படியே கழிந்து போவதற்கும், அளவான உப்பும் குளுக்கோசும் சேர்ந்த நீர் உடம்பிலே தங்குவதற்கும் இதுவே காரணம். கொலராவுக்குக் கண்ட வழி றோட்டாவுக்கும் பொருந்தியது. நோய் எதுவாயினும் உடம்பு இழப்பது நீரும் உப்பும்தானே.

இலங்கையில் இக்கலவைத் தூளை ‘ஜீவனி’ என்னும் பெயரால் எல்லோரும் அறிவர். எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும், விலையும் பெரிதன்று. ஆனால் அதைக் கரைப்பதிலே பெரும் பிழைகள் நடக்கின்றன. ஒரு லீற்றருக்கான பைக்கற்றை ஒரு லீற்றர் நீரிலேயே கரைக்க வேண்டும். நம் நாட்டில் ‘ஒரு போத்தல்’ என்பது பழைய வீட்டு அளவை. தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் அந்த அளவிலேதான் விற்கப்பட்டுவந்தன. அந்தப் போத்தல் 750 மில்லிலீற்றர் கொள்வது. ஒரு லீற்றருக்கான பைக்கற்றை அப்போத்தலிற் கொட்டிக் கரைத்தால் உப்பு மூன்றில் ஒரு பங்கு மிகும். நீரிழந்த குழந்தைக்கு மிகையுப்பு நஞ்சுக்கு ஒப்பானது. வேறு சிலர் ஒரு கிளாசு தண்ணீருக்குக் ‘கொஞ்சத் தூள்’ என்று கண்மதிப்பாற் போடுவர். ஒருமுறை உறைப்பாகவும் ஒருமுறை சப்பென்றும் இருக்கும். சரியாக ஒரு லீற்றர் கொள்ளும் குடிநீர்ப் போத்தல் இன்று எங்கும் உண்டு. அதனைக் கழுவி, கொதித்தாறிய நீரால் நிரப்பி, முழுப் பைக்கற்றையும் கரைத்து, 24 மணி நேரத்தின்பின் எஞ்சியதை ஊற்றிவிட வேண்டும். கரைத்த நீரை மறுபடி கொதிக்க வைக்கலாகாது. சீனியோ பழச்சாறோ சேர்க்கலாகாது.

எவ்வளவு கொடுப்பது? இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு தடவை ஓட்டம் போனபின்பும் 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை. அதற்கு மேற்பட்ட வயதினருக்கு அதன் இருமடங்கு. வாந்தி எடுக்கும் குழந்தை ஒரேயடியாகக் குடித்தால் அவ்வளவையும் கக்கிவிடும். அம்மம்மாவின் சொல் உண்மையாவது இங்கேதான். ஆகவே கிளாசை வைத்துவிட்டுத் தேக்கரண்டியை எடுக்க வேண்டும். ஓரிரு நிமிடத்துக்கு ஒரு கரண்டி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக மறுபடியும் தொடங்க வேண்டும். கக்கியது போக எஞ்சியது உள்ளே தங்கும். தேக்கரண்டி ஒன்று 5 மில்லிலீற்றர் கொள்வது. இரண்டு நிமிடத்துக்கு ஒன்றெனக் கொடுத்தாலும் ஒரு மணி நேரத்திலே 150 மில்லிலீற்றர் சென்றுவிடும். ஆனால் கொடுப்பவருக்குக் கை ஓயும், கண் மூடும். தந்தையும் ஒரு மணி நேரம் கரண்டியைப் பிடிக்கலாம். அது பெண்களுக்கு மாத்திரம் விதிக்கப்பட்ட வேலை அன்று.

தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. அடிக்கடி கொடுக்க வேண்டும். பால்மாக் குடிக்கும் குழந்தைக்கு வழக்கமான அளவிற் கரைத்த பாலே கொடுக்கலாம்; நீர்க்கக் கரைத்தல் பயனற்றது. சோறு உண்ணும் வயதினருக்கு உப்பிட்ட கஞ்சி, குழைந்த சோறு, பருப்பு, வாழைப்பழம் ஆகியன ஏற்றவை. பட்டினி போட்டாற் குடல் ஆறாது; உணவு சென்றாலே புதிய அணுக்கள் முளைக்கும். செவ்விளநீரைப் பற்றிக் கொழும்பிலே எல்லோரும் கேட்பர். தம்பிலி நல்ல பானமே. ஆயினும் அதிலே பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆகவே ஜீவனியோடு கொடுக்கலாம், ஜீவனிக்குப் பதிலாகக் கொடுக்கலாகாது. கொத்தமல்லித் தண்ணீருக்கும் அவ்வாறே. சோடாவும் பெட்டியிலடைத்த இனிப்புச் சாறும் வேண்டவே வேண்டாம். மிகுந்த சீனி குடலுக்குள் மேலும் நீரை இழுக்கும். இவற்றோடு, நாகச்சத்தை 10 முதல் 14 நாட்கள் கொடுத்தால் நோய்க்காலம் குறையும் என்று 2004ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் கூட்டாக அறிவுறுத்தின. குழந்தையின் வயதுக்கேற்ற அளவை மருத்துவர் கூறுவார்.

எல்லாக் குழந்தைகளுக்கும் வீட்டுக் கரண்டி போதும் என்று கூறுவது பொய். சில அறிகுறிகள் தோன்றினால் தாமதியாது வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும். கண்கள் குழிவிழுதல், அழுதாலும் கண்ணீர் வராமை, வாய் உலர்தல், உச்சிக்குழி உட்செல்லல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, வயிற்றுத் தோலை இரு விரலாற் கிள்ளிவிட்டால் மெதுவாகவே மீளுதல். குழந்தை துவண்டு, எழுப்பினாலும் விழியாது கிடந்தால், அல்லது கொடுப்பதெல்லாம் வாந்தியானால், ஒரு கணமும் வீணாக்கலாகாது. மலத்தில் இரத்தம் கண்டாலும் அவ்வாறே. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தையை அறிகுறிக்குக் காத்திராமலே காட்ட வேண்டும். பொரளையிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை கொட்டாஞ்சேனைக்கும் தொலைவன்று, வெள்ளவத்தைக்கும் தொலைவன்று. அரச வைத்தியசாலையாதலால் அங்கே கட்டணமும் இல்லை. முச்சக்கர வண்டியிற் போகும்போதும் மடியிலே ஜீவனிப் போத்தலும் கையிலே கரண்டியும் இருக்கட்டும். வழியிற் கொடுக்கும் பத்துக் கரண்டியும் கணக்கில் சேரும்.

றோட்டா ஒன்றுதான் இக்கூட்டத்தைச் சேர்ந்தது என்று எண்ணலாகாது. நோரோ வைரசு என்பது பெரியோரையும் சிறியோரையும் ஒருங்கே வீழ்த்தும். 1968ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து நோர்வோக்கு என்னும் ஊரிலுள்ள ஆரம்பப் பாடசாலை ஒன்றில், மாணவரும் ஆசிரியருமாகப் பாதிப்பேரளவில் இதனால் நோயுற்றனர். வைரசுக்குப் பெயர் வந்ததும் அவ்வூராலேயே. ஓரிரு நாட்களில் நீங்கிவிடுமாயினும், வகுப்பறையிலே ஒரு பிள்ளை வாந்தி எடுத்தாற் பலருக்குப் பரவிவிடும். கையிலே பூசும் மதுசாரக் களிம்புக்கு அது எளிதில் அடங்காது. சவர்க்காரமும் ஓடும் நீருமே நம்பத்தக்கவை. வயிற்றோட்டம் நின்று இரண்டு நாட்களாவது பிள்ளையை வீட்டிலே வைத்திருப்பது நன்று. பரீட்சை தவறிவிடும் என்று அஞ்சி அனுப்பும் பெற்றோர், முப்பது வீடுகளுக்கு நோயை அனுப்புகின்றனர். அடினோ வைரசு, அஸ்ற்றோ வைரசு என மேலும் சில உண்டு. அவற்றைப் பெயர் பிரித்தறிதல் ஆய்வுகூடத்தின் வேலை. வீட்டிற் செய்ய வேண்டியது எல்லாவற்றுக்கும் ஒன்றே.

றோட்டாவுக்குத் தடுப்பு மருந்து உண்டு. ஊசியன்று, வாயில் விடும் சொட்டு. 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே வந்த முதல் மருந்து, சில குழந்தைகளுக்குக் குடல் ஒன்றனுள் ஒன்று செருகிக்கொள்ளும் ஆபத்தை உண்டாக்கியதால், மறு ஆண்டிலேயே நிறுத்தப்பட்டது. பின்னர் வந்தவை விரிவாகச் சோதிக்கப்பட்டவை. அவ்வாபத்து அவற்றில் மிக அரிது. 2009ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளுக்கும் அவற்றைப் பரிந்துரைத்தது. 2000ஆம் ஆண்டளவில் உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 இலட்சம் குழந்தைகளைக் கொன்ற றோட்டா வைரசு, 2013ஆம் ஆண்டில் ஏறக்குறைய 2 இலட்சத்துப் 15 ஆயிரம் குழந்தைகளைக் கொன்றது. குறைந்ததற்குத் தடுப்பு மருந்தும், உப்புநீர்க் கரைசலும், சுகாதார வசதியும் காரணங்கள். தில்லி வைத்தியசாலையொன்றிலே நோய் அறிகுறியின்றி இருந்த பச்சைக் குழந்தைகளிடம் 1980களிற் கண்டெடுத்த வைரசு வகையிலிருந்து இந்தியாவும் தனக்கென ஒரு மருந்தை ஆக்கியது. தில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களிலே 6,799 குழந்தைகளிடம் அது சோதிக்கப்பட்டது. கடும் நோயைப் பாதிக்குச் சற்று மேலாகவே அது தடுத்தது, முற்றாக அன்று. ஏழை நாடுகளில் இவ்வகை மருந்துகள் யாவும் செல்வ நாடுகளிற்போல் முழுப்பயன் தருவதில்லை. ஆயினும், பாதியும் பல்லாயிரம் உயிர்களே. இந்திய அரசு அதனை 2016ஆம் ஆண்டில் பொதுத் திட்டத்திற் சேர்க்கத் தொடங்கியது; 2017இல் தமிழ்நாட்டுக்கும் வந்தது.

இலங்கையில், 2024ஆம் ஆண்டுவரையும் இம்மருந்து அரசாங்கத்தின் தேசியத் தடுப்பூசித் திட்டத்திற் சேர்க்கப்படவில்லை. தனியார் வைத்தியசாலைகளிலே பணம் கொடுத்துப் பெறலாம். வெள்ளவத்தைத் தொடர்மாடியிற் சிலர் அவ்வாறு பெறுகின்றனர். நாட்கூலியை நம்பி வாழும் கொட்டாஞ்சேனைத் தாய்க்கு அது எட்டாத விலை. 1940களிலே பிறந்த 1000 குழந்தைகளில் ஏறக்குறைய 140 பேரை ஒரு வயதுக்குள் இழந்த இந்நாடு, இலவச மருத்துவத்தாலும் ஊர்தோறும் சென்ற குடும்பநல மாதராலும் அத்தொகையைப் பத்துக்கும் கீழே கொண்டுவந்தது. வயிற்றோட்டத்தால் இறக்கும் குழந்தைகள் இங்கே மிகச் சிலராகிவிட்டமையால், மருந்துக்குச் செலவிடுதல் அவசியமோ என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்திற் பொருள் இல்லாமலில்லை. ஆனால் வைத்தியசாலைக் கட்டிலருகே மூன்று நாள் இருந்ததால் வேலையிழக்கும் தாயின் கணக்கும் அந்தச் செலவுக் கணக்கிற் சேர்க்கப்பட வேண்டியதே. மருந்து பெற விரும்பும் பெற்றோர் ஒன்றை மறக்கலாகாது: முதற் சொட்டு ஆறாம் வாரத்திலிருந்து, சில மாதங்களுக்குள் தொடங்கப்பட வேண்டும். குழந்தை ஒரு வயதாகிய பின் நினைவுகூர்ந்து பயனில்லை.

அந்த எட்டு மாதக் குழந்தையின் வீட்டுக்குத் திரும்பினால், இப்போது அதிகாலை நான்கு மணி. அம்மம்மா படுக்கவில்லை. பாலை நிறுத்தச் சொன்னவர் இப்பொழுது கரண்டியைத் தம் கையில் வாங்கிக்கொண்டு, “நீ கொஞ்சம் கண்ணை மூடு பிள்ளை, நான் குடுக்கிறன்” என்று மகளிடம் சொல்லிவிட்டார். மேசைமேல் ஒரு லீற்றர்ப் போத்தலிலே பாதி குறைந்திருக்கின்றது. வயிற்றோட்டம் இன்னும் நிற்கவில்லை. இன்னும் இரண்டு மூன்று நாள் போகும். ஆனால் சற்று முன்னர் அணையாடையைத் தொட்டுப் பார்த்தபோது அது சிறுநீரால் நனைந்திருந்தது. குழந்தை அழுகின்றது, கன்னத்திலே கண்ணீர் வழிகின்றது. அம்மம்மா அதைத் துடைக்காமற் பார்த்துக்கொண்டிருக்கிறார்.